தீர்ப்புக்கு முன்பே தேவைப்படும் உதவி: வன்முறைக் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடும் மனநலப் பராமரிப்பும்

நெடுவழி எழுதியது:

வன்முறைக் குற்றம் ஒன்று நடந்தவுடன் காவல்துறை, மருத்துவமனை, தடயவியல், நீதிமன்றம் எனப் பெரிய ஏற்பாடு ஒன்று இயங்கத் தொடங்குகிறது. செய்தவர் யார், எதனால் தாக்கினார், எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகும் என்பவற்றைச் சுற்றியே அதன் கவனம் முழுவதும் இருக்கிறது. தாக்கப்பட்டவருக்கு அந்த ஏற்பாட்டில் கிடைப்பது சாட்சி என்ற இடம் மட்டுமே. சாட்சியம் சொல்லும் நாள் வரை அவர் எதைக் கொண்டு வாழ்வார், இரவில் எப்படி உறங்குவார் என்று கேட்கும் பொறுப்பு பல நாடுகளில் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றுவரும் தன்னார்வப் பணியில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன். செலவு என்றதும் மருத்துவக் கட்டணம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதல் வாரத்தில் ஆளை நெருக்குபவை பெரும்பாலும் வேறு. உடுத்தியிருந்த ஆடை தடயப் பொருளாகப் போய்விடும். கைப்பேசியும் போய்விடும், அதனுடன் உறவினர் எண்களும் வங்கிச் செயலியும் கைவிட்டுப் போகும். வீட்டுக்குள் தாக்குதல் நடந்திருந்தால் உடைந்த கதவையும் பூட்டையும் அன்றைக்கே மாற்றியாக வேண்டும். தடயவியல் குழு வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு தரையில் காய்ந்துகிடக்கும் இரத்தத்தைக் கழுவுவது யார்? பெரும்பாலும் அந்த வீட்டாரே வாளியும் துணியுமாக மண்டியிட்டுத் துடைக்கிறார்கள். அதைச் செய்துகொடுப்பதற்கு ஆள் அமர்த்துவதும் ஓர் உதவிதான் என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் பலர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 நவம்பர் 29 அன்று நிறைவேற்றிய பிரகடனம், குற்றவாளியிடமிருந்து முழு ஈடு கிடைக்காத நிலையில் கடும் உடற்காயமோ உடல், மனநலக் கேடோ அடைந்தவர்களுக்கும், உயிரிழந்தோரைச் சார்ந்திருந்தவர்களுக்கும் நிதி இழப்பீடு வழங்க அரசுகள் முயல வேண்டும் என்கிறது. மருத்துவ உதவி, உளவியல் உதவி, சமூக உதவி ஆகியவற்றையும் அதே பிரகடனம் கோருகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் உதவி பெரும்பாலும் வழக்கின் வேகத்தில்தான் நகர்கிறது. காயத்துக்குரிய உதவி ஏன் வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும்? சட்டமும் மருத்துவமும் அறிந்த உறுப்பினர்கள் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன்.

எழுநிலை எழுதியது:

நான் வழக்குரைஞர். நண்பர் நெடுவழியின் கேள்விக்குச் சட்டத்தின் பக்கமிருந்து விடை சொல்ல முயல்கிறேன்.

பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வரக்கூடிய வழிகள் மூன்று. தண்டனை வழங்கும் நீதிமன்றமே குற்றவாளியை ஈடு கொடுக்கச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் தனியே உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் இரண்டும் குற்றவாளி பிடிபட்டிருக்க வேண்டும், அவரிடம் பணமும் இருக்க வேண்டும் என்ற இரட்டை நிபந்தனையில் தொங்குகின்றன. வன்முறை வழக்குகளில் இரண்டும் ஒருசேர அமைவது அரிது. ஆகவே பெரும்பான்மையோருக்கு உண்மையில் திறந்திருப்பது மூன்றாவது வழி மட்டுமே.

அந்த வழி ஒன்றும் பழமையானதன்று. வன்முறையால் காயமுற்றவருக்கு அரசே ஈடு தர வேண்டும் என்று 1950களில் பிரிட்டனில் இடையறாது வாதிட்டவர் சிறைச் சீர்திருத்தவாதியான மார்ஜரி ஃபிரை. 1958இல் அவர் மறைந்தார்; தம் கருத்து சட்டமாவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1963இல் நியூசிலாந்து இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றி அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது. பிரிட்டனின் திட்டம் 1964இல் வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா 1965இல் தொடங்கியது. வன்முறைக் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவது குறித்து ஐரோப்பிய அவை 1983இல் ஓர் உடன்படிக்கையையே உருவாக்கியது.

இனி நெடுவழியின் கேள்வி. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால், தண்டனைத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல திட்டங்களில் இல்லவே இல்லை. பிரிட்டனின் திட்டத்தில் யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. குற்றம் நடந்திருப்பதற்கான வாய்ப்பே அதிகம் என்ற அளவுக்குச் சான்று இருந்தால் போதும். இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடைபெறாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்க அது வழிசெய்தது. ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், உடனடி முதலுதவிக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் உத்தரவிடலாம் என்றும் அதே பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் இந்த ஏற்பாடு புதிய நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அப்படியானால் தாமதம் எங்கே உண்டாகிறது? மேசையில் உண்டாகிறது. தீர்ப்பு வரட்டும், குற்றப்பத்திரிகை வரட்டும், இறுதி மருத்துவச் சான்று வரட்டும் என்று கோப்பை ஓரமாக வைப்பதற்குச் சட்டம் தேவைப்படுவதில்லை, வழக்கம் போதும். இடைக்கால நிவாரணம் "வழங்கலாம்" என்றிருக்கும் இடத்தில், வழங்காமல் இருப்பதற்காக எந்த அதிகாரியும் விளக்கம் கேட்கப்படுவதில்லை. வழங்கினாலோ தணிக்கையில் கேள்வி வரும். இந்தச் சமனின்மையை மாற்றாமல் பிரிவுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

நெதர்லாந்தின் ஏற்பாடு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அங்கே நீதிமன்றம் விதித்த ஈட்டுத்தொகையைக் குற்றவாளி, தீர்ப்பு இறுதியானதிலிருந்து எட்டு மாதங்களுக்குள் முழுமையாகக் கட்டாவிட்டால், வன்முறை, பாலியல் குற்றங்களில் மீதத் தொகையை அரசே பாதிக்கப்பட்டவருக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் குற்றவாளியிடம் தானே வசூலித்துக்கொள்கிறது. தன்னைத் தாக்கியவர் அனுப்பும் சின்னஞ்சிறு தவணைகளை மாதந்தோறும் எதிர்நோக்கும் கொடுமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லாமற்போகிறது.

கீழ்வானம் எழுதியது:

மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். முதல் சில வாரங்களைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தவறான உதவி செய்யப்படுவது அந்தக் காலத்தில்தான்.

தாக்குதலுக்குப் பின் உறக்கம் கெடுவதும், சிறு ஒலிக்கே உடல் தூக்கிவாரிப் போடுவதும், அந்தக் காட்சி அழையாமல் கண்முன் வருவதும், மரத்துப்போனதுபோல் உட்கார்ந்திருப்பதும் நோய் என்று முதல் நாளிலேயே முத்திரை குத்த வேண்டியவை அல்ல. பெரும்பாலோருக்கு இவை வாரங்கள் செல்லச் செல்லத் தணிகின்றன. ஒரு மாதத்துக்கு மேலும் தணியாமல் வாழ்க்கையை முடக்கினால்தான் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று மதிப்பிடுகிறோம். ஆகவே முதல் மாதத்தில் செய்ய வேண்டியது சிகிச்சையைக் காட்டிலும் ஆதரவே. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதைப் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்று செயல்களாகச் சொல்கிறது. அந்த மனிதர் பாதுகாப்பாக இருக்கிறாரா, அவசரத் தேவை என்ன என்று பார்ப்பது. அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்பது. உணவு, தங்குமிடம், உறவினர், மருத்துவம், சட்ட உதவி ஆகியவற்றோடு அவரை இணைத்துவிடுவது. இதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற காவலரோ செவிலியரோ தன்னார்வலரோ செய்யலாம்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நடந்ததை உடனே முழுவதுமாக விவரிக்கச் செய்து ஒரே அமர்வில் மனத்தைக் காலி செய்துவிடலாம் என்ற முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது மனக்கோளாற்றைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டியதால் பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிட்டுவிட்டன. அதேபோல் முதல் மாதத்து அறிகுறிகளுக்கு பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே அறிவுறுத்தியது. எனினும் "ஒரு மாத்திரை போட்டுத் தூங்கட்டும்" என்பதுதான் இன்றும் பல அவசரப் பிரிவுகளில் முதல் பேச்சாக இருக்கிறது.

ஒரு மாதத்துக்குப் பிறகும் தொல்லை நீடிப்பவர்களுக்கு நல்ல சான்றுள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சி நினைவை மையப்படுத்திய அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவோடு இணைத்து நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையும் அவற்றில் முதன்மையானவை. இவை பொதுவான ஆறுதல் பேச்சு அல்ல. பயிற்சி பெற்றவர் வாராவாரம் நடத்த வேண்டிய, முறையான அமர்வுகள். இழப்பீட்டுத் திட்டம் "கவுன்சலிங் செலவு" என்று ஒரு தொகையை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, யார் எதைச் செய்கிறார் என்பதைக் கண்டுகொள்ளாவிட்டால் அந்தப் பணம் ஆறுதல் பேச்சிலேயே கரைந்துவிடும்.

ஜெர்மனி 2024 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்திய புதிய சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் கூறு ஒன்று உண்டு. வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கென அமைந்த புறநோயாளர் மையங்களில், விண்ணப்பத்தின் மீது இறுதி முடிவு வருமுன்னரே தொடக்க அமர்வுகளைப் பெறலாம். காகிதம் ஒரு பக்கம் நகர, மனிதர் மறுபக்கம் கவனிக்கப்படுகிறார். கடுமையான உளவியல் வன்முறையையும் அந்தச் சட்டம் வெளிப்படையாகக் கணக்கில் கொள்கிறது.

தூவல் எழுதியது:

ஓய்வுபெற்ற அரசு அலுவலன் நான். நிவாரண விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில் பல காலம் அமர்ந்தவன் என்ற முறையில் சில ஐயங்களை முன்வைக்கிறேன். இவற்றை எதிர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

முதலாவது, வழங்குவது பொதுப்பணம். தெருச் சண்டையில் இரு தரப்பும் அடித்துக்கொண்டு, அதிகம் அடிபட்டவர் விண்ணப்பத்தோடு வருவது உண்டு. தாக்குதலைத் தொடங்கியவர் யார் என்று விசாரிக்காமல் ஒரு வாரத்தில் பணம் கொடுத்தால் அது நியாயமாகுமா? இரண்டாவது ஐயம் இன்னும் கனமானது. விசாரணைக்கு முன் அரசிடம் பணம் பெற்ற ஒருவர் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதையே ஆயுதமாக்குவார்: "பணத்துக்காகத்தானே இந்தக் கதையைச் சொல்கிறீர்கள்?" நாம் உதவி என்று கொடுத்தது அவருடைய வழக்கையே பலவீனப்படுத்தினால் என்ன செய்வது?

மூன்றாவது, நிதிக்கு ஊற்று எங்கே? அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய நிதியம் வரிப்பணத்தை நம்பவில்லை. கூட்டாட்சிக் குற்ற வழக்குகளின் அபராதங்களைக் கொண்டு இயங்குகிறது. கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் பெரு நிறுவனங்களோடு அரசு வழக்கை ஒத்திவைத்துச் செய்துகொள்ளும் உடன்பாடுகள் பெருகி, அவற்றின் தொகை வேறு கணக்குக்குப் போனபோது நிதியத்தின் வரவு சரிந்தது. 2021இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தத் தொகைகளை நிதியத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அபராதம் குறைந்த ஆண்டில் அடிபட்டவரின் காயம் குறைவதில்லையே.

எழுநிலை எழுதியது:

தூவல் ஐயாவின் இரண்டாவது ஐயம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எழுப்ப நான் என் காதாலேயே கேட்டிருக்கும் கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். முதல் வாரத்தில் தரப்படும் தொகை குற்றம் நிரூபிக்கப்பட்டதற்கான பரிசாக அமையக் கூடாது. மருத்துவர் பதிந்த காயத்துக்கும், பற்றுச்சீட்டுள்ள செலவுக்கும், இழந்த கூலிக்கும் உரியதாக அமைய வேண்டும். யார் தாக்கினார் என்ற கேள்வியை அந்தப் படிவம் தொடவே கூடாது. அப்படி அமைந்த உதவியை எதிர்த்தரப்பு ஆயுதமாக்கினால், "யாரைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தாலும், யாரையும் சொல்லாமலிருந்தாலும் இதே தொகைதான் கிடைத்திருக்கும்" என்று ஒரே வரியில் அரசுத் தரப்பு விடையளிக்க முடியும். பெருந்தொகையைத் தீர்ப்போடும் சாட்சியத்தோடும் பிணைத்துப் பின்னால் தள்ளிவைப்பதுதான் உண்மையில் சாட்சியின் மீது சந்தேகத்தை வரவழைக்கிறது.

முதல் ஐயத்துக்கு வருகிறேன். தாக்குதலைத் தூண்டியவருக்குத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பெரும்பாலான திட்டங்களில் இடமுண்டு, அது தேவையும்தான். ஆனால் தகுதியற்றவர் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று போடும் வேலி எவ்வளவு பேரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் திட்டத்தில் குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் ஒரே குடும்பமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருந்தால் 1979 அக்டோபருக்கு முந்திய குற்றங்களுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி 2019 வரை நீடித்தது. குற்றவாளி கைக்கே பணம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. விளைவு என்ன? சிறுவயதில் தந்தையாலோ மாற்றாந்தந்தையாலோ சீரழிக்கப்பட்டவர்கள், முதுமை வரை மறுக்கப்பட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரால் பாதிக்கப்பட்டிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

காலவரம்பும் அப்படித்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதே திட்டத்தின் பொதுவிதி. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் விதிவிலக்கை வாதாடிப் பெறும் வலிமை எல்லோரிடமும் இருப்பதில்லை. நியூசிலாந்தில் பாலியல் குற்றத்தால் ஏற்பட்ட மனக்காயத்துக்கு விபத்து இழப்பீட்டுக் கழகத்தின் வழியாகச் சிகிச்சை பெறக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. புகாருக்கு முன்பே சிகிச்சை என்ற அந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மனம் தேறியவரால்தான் பின்னொரு நாள் உறுதியாகப் புகார் கொடுக்க முடியும்.

நிழற்குடை எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன். என் உடன்பிறந்த தம்பி கொலை செய்யப்பட்டான். வழக்கு முடிந்துவிட்டது, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படிவத்தில் "நிகழ்வைச் சுருக்கமாக விவரிக்கவும்" என்று ஒரு கட்டம் இருந்தது. நான்கு வரி எழுதக்கூடிய இடம். அதற்குள் என் தம்பியின் இறுதி நிமிடங்களை எழுத வேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்ததையே மருத்துவமனைப் பதிவுக்காகவும், நிவாரணப் படிவத்துக்காகவும், வருமானச் சான்று கேட்டுப் போன இடத்திலும் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. அவன் ஈட்டிய வருமானத்தை உறுதிப்படுத்த அவனுடைய முதலாளியிடம் கடிதம் வாங்கச் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்காக நான் அவனுடைய நாற்காலியைக் கடந்து நடந்து போனேன். ஒரு துறை எழுதிக்கொண்டதை மற்றொரு துறை வாங்கிப் படித்தால் என்ன குறைந்துவிடும்? கீழ்வானம் அம்மா சொன்ன சிகிச்சைகளெல்லாம் வேண்டியவைதான். அதற்கு முன், காயத்தை மேலும் கிளறாத ஒரு படிவம் வேண்டும்.

இன்னொன்று. தொகை வந்தபோது என் தாய் அதைத் தொட மறுத்தார். "பிள்ளையை விற்ற காசு" என்றார். அவன் மகளின் படிப்புக்கு என்று பெயர் போட்டு வைப்புத்தொகையாக்கிய பிறகுதான் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே முடிந்தது. பணத்தை அனுப்பும்போது அது எதற்கானது என்று ஒரு கடிதத்தில் மரியாதையோடு எழுதியிருந்தால், அவன் உயிருக்கு விலையாக அதை யாரும் கருதவில்லை என்று ஒரு வரி இருந்திருந்தால், அவர் அவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். எங்களுக்கு வந்தது வங்கியின் குறுஞ்செய்தி மட்டுமே.

கீழ்வானம் எழுதியது:

நிழற்குடை அவர்களே, தயக்கத்தை மீறி எழுதியதற்கு நன்றி. உங்கள் தம்பியின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியதில் மனநலத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை பல இருக்கின்றன. மீண்டும் மீண்டும் விவரிக்க வைக்கப்படுவதையும், சந்தேகத்தோடு விசாரிக்கப்படுவதையும் இரண்டாம் முறை பாதிப்புக்குள்ளாதல் என்றே எங்கள் துறையில் குறிப்பிடுகிறோம். சிகிச்சை அறையில் ஒருவர் தம் நினைவைச் சொல்லும்போது அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, வேகம் அவர் கையில் இருக்கிறது, நிறுத்தும் உரிமையும் இருக்கிறது. அலுவலக மேசையில் இவை ஒன்றும் இல்லை. அதனால்தான் அதே சொற்கள் ஓரிடத்தில் குணமாக்குகின்றன, மற்றோரிடத்தில் புண்ணாக்குகின்றன.

அதிர்ச்சி நினைவு துண்டு துண்டாகத்தான் வரும். தாக்கியவர் கையிலிருந்த ஆயுதம் துல்லியமாக நினைவிருக்கும். நேரமும் வரிசையும் குழம்பியிருக்கும். தாக்குதலின்போது உடல் உறைந்து, கத்தவோ ஓடவோ முடியாமல் போவதும் மனித உடலின் இயல்பான எதிர்வினைகளுள் ஒன்று. நான்கு மேசைகளில் நான்கு முறை சொன்னால் நான்கு கூற்றுகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் வந்தே தீரும். பின்னர் அந்த வேறுபாடுகளையே காட்டிக் கூற்று பொய் என்பார்கள். எனவே ஒரே முறை, பயிற்சி பெற்றவர் முன்னிலையில் பதிவுசெய்து எல்லாத் துறைகளும் அதையே பயன்படுத்துவது மனிதாபிமானம் மட்டுமன்று, நல்ல புலனாய்வும் ஆகும். குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்.

பணத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடகை பாக்கியும் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கும்போது அதிர்ச்சிக்கான சிகிச்சை வேர்பிடிப்பதில்லை. தன்னைத் தாக்கியவர் வசிக்கும் தெருவிலேயே இருந்துகொண்டு "அபாயம் கடந்துவிட்டது" என்று ஒருவர் மனத்துக்கு எப்படிக் கற்பிப்பது? அவருக்கு அபாயம் கடக்கவே இல்லையே. வீடு மாறும் செலவை ஏற்பதே அவருக்கு முதல் சிகிச்சையாக இருக்கலாம்.

புதுநாற்று எழுதியது:

வீட்டு வன்முறையில் சிக்கியிருக்கும் பெண்களோடு பணியாற்றுகிறேன். இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தாக்கிய கணவரோடு கூட்டுக் கணக்கு மட்டுமே இருக்கும் பெண் என்ன செய்வார்? கணக்கு அவர் பெயரிலேயே இருந்தாலும் கடவுச்சொல்லும் அட்டையும் கணவரிடம் இருக்கின்றன. அரசிடமிருந்து வரும் கடிதம் வீட்டு முகவரிக்குப் போனால் அடுத்த அடிக்கு அதுவே காரணமாகிவிடும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "உங்களைப் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளும் வழி எது?" என்று கேட்க வேண்டும். இது எளிய மாற்றம்; செலவும் இல்லை.

தூவல் எழுதியது:

எல்லோருடைய பதிவுகளையும் இருமுறை படித்தேன். காயத்துக்கும் பற்றுச்சீட்டுக்கும் மட்டும் உரிய உடனடித் தொகை, குற்றவாளி யாரென்ற கேள்வியைத் தொடாத படிவம் என்ற எழுநிலையின் யோசனையை ஏற்கிறேன். அலுவலக நடைமுறையில் அதைச் சாத்தியமாக்க ஒரு வழியும் இருக்கிறது. ஒரு வரம்பு வரையிலான தொகையை மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ உள்ள பொறுப்பாளர் தம் கையெழுத்தில் வழங்கலாம், நன்னம்பிக்கையில் வழங்கியதற்காக அவர் மீது தணிக்கைக் குறிப்பு வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட வேண்டும். கீழ்நிலை அலுவலரைத் தடுத்து நிறுத்துவது கல்மனம் அல்ல. நாளை தம் ஓய்வூதியத்தில் பிடித்தம் வருமோ என்ற அச்சம். அந்த அச்சத்தை அகற்றினால் கோப்பு நகரும்.

ஆனால் இறுதித் தொகை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. குறைந்த நிதி இருக்கும் இடத்தில் பலருக்கு விரைவில் சிறிது கிடைப்பது, சிலருக்குத் தாமதமாகப் பெரிது கிடைப்பதைவிட மேல் என்றே நினைக்கிறேன்.

எழுநிலை எழுதியது:

ஐயா, நிரந்தர ஊனமுற்றவருக்கும் முகம் முழுவதும் எரிந்தவருக்கும் சிறிது கொடுத்து முடித்துவிட முடியாது. அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சத்தை 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. உடனடித் தவணை, பின்னர் முழுத்தொகை என்ற அந்த அமைப்பு நல்ல முன்மாதிரி. ஆனாலும் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்படும் காயத்துக்கு அந்தக் குறைந்தபட்சம் எம்மட்டு? பிரிட்டனில் உச்சவரம்பு 5 லட்சம் பவுண்டு என்று 1996இல் வைத்தார்கள். விலைவாசி எவ்வளவோ உயர்ந்த பின்னும் அதே எண் நிற்கிறது. தொகையை விலைவாசியோடு பிணைக்காத திட்டம் சட்டத்தைத் தொடாமலே ஆண்டுதோறும் உதவியைக் குறைத்துக்கொண்டே வருகிறது. விரைவும் அளவும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெடுவழி எழுதியது:

தொகை குறித்த வேறுபாடு அப்படியே இருக்கட்டும். அது நிதி ஒதுக்குபவர்களிடம் எடுத்துச்செல்ல வேண்டிய வழக்கு. இந்த இழையை இப்போது துன்பத்தில் இருக்கும் ஒருவரோ அவருடைய உறவினரோ படிக்கக்கூடும் என்பதால் துணைப்பணியில் நான் பின்பற்றும் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

முதல் நாளிலேயே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். யாரிடம் பேசினீர்கள், அவர் பதவி என்ன, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு குறியுங்கள். பாதிக்கப்பட்டவரால் எழுத முடியாது. உடன் இருப்பவர் எழுத வேண்டும். மருத்துவமனைக்கு வந்த வண்டிக் கட்டணம் முதல் மாற்றிய பூட்டின் விலை வரை எல்லாச் சீட்டுகளையும் ஓர் உறையில் போடுங்கள். வெயிலில் எழுத்து மங்கும் சீட்டுகளைப் படமெடுத்துவிடுங்கள். காயங்களை முதல் நாள் மட்டுமல்லாமல், கன்றல் நிறம் மாறும் அடுத்தடுத்த நாட்களிலும் படமெடுங்கள். மருத்துவரிடம் உடற்காயத்தோடு உறக்கமின்மை, பயம், பசியின்மை ஆகியவற்றையும் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். மனக்காயத்துக்கான கோரிக்கையின்போது அந்த முதல் பதிவு பெரிதும் கைகொடுக்கும். தடயமாக எடுத்துச்சென்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். கைப்பேசியைக் கொடுக்கும் முன் தேவையான எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள அனுமதி கேளுங்கள். படிவத்தில் இடைக்கால உதவிக்கென்று தனிக் கட்டம் இல்லாவிட்டாலும் வேண்டுகோளை எழுத்தில் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டின் காலவரம்பு பெரும்பாலும் அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

நிழற்குடை அவர்கள் சொன்ன கட்டத்தைப் பற்றி ஒன்று. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் "காவல்துறைப் பதிவில் உள்ளவாறு" என்று எழுதி, அந்தப் பதிவின் எண்ணைக் குறிப்பிட்டு நகலை இணைத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். மேசையில் இருப்பவர் மறுபடி சொல்லச் சொன்னால், உடன் செல்பவர் அந்த நகலை முன்னால் நகர்த்தி வைத்து, இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். தன்னார்வலர்களாக வர விரும்புபவர்கள் முதலில் பழக வேண்டிய வேலை அதுதான்.